பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

முதல் சுருளில் ஒன்றுமே இல்லை.
மூடியைக் கழற்ற மறந்திருக்கிறேன்.
பார்க்கிற கண் ஒன்று, பிடிக்கிற கண் வேறொன்று
இந்தப் பழைய பெட்டிக் கேமராவில்.
மேல்கண் எல்லாவற்றையும் பார்த்தது:
ஊஞ்சலில் அபொலேனா, சேற்றில் ஹீநெக்,
மொராவா ஆற்றங்கரையில் நாலு மணி வெயில்.
கீழ்க்கண்
பன்னிரண்டு முறையும் தூங்கியிருக்கிறது.

இரண்டாம் சுருள் முழுக்க முதுகுகள்.
இடப்பக்கம் ஓடுகிற பிள்ளை
கண்ணாடித் திரையில் வலப்பக்கம் ஓடும்.
நம்பித் திரும்பினால்
அகப்படுவது வேலி, குப்பைத்தொட்டி,
யாருடையதோ ஒரு நாய்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
ப்ஷெரோவிலிருந்து ரயிலில் வருகிறார்கள்.
வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை
என்கிறது நீதிமன்றத் தாள்.
சுருளுக்குப் பன்னிரண்டு படம்
என்கிறது ஃபிலிம் உறை.
எண்ணி எண்ணிச் செலவழிக்கப் பழகிவிட்டேன்.

நாற்றமடிக்கும் சீஸைப் பொதி கட்டுவது என் வேலை.
ஒலொமோட்ஸில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.
எத்தனை சோப்பு போட்டாலும் விரலைவிட்டுப் போகாது.
"சீஸ் சொல்லுங்கள்" என்றேன்.
இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.
சிரிப்பில் என் கை ஆடிவிட்டது;
அந்த ஒன்றுதான் முதலில் தேறிய படம்,
கொஞ்சம் கலங்கல்.

"குருவி பறக்கப்போகுது, இங்கே பார்" என்றும் சொல்லிப் பார்த்தேன்.
எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதுதான் வழக்கம்.
"என்ன குருவி?" என்றான் ஹீநெக்.
"எத்தனை நாளா உள்ளே இருக்கு? யார் தீனி வைக்கிறா?"
அதோடு சொல்வதை நிறுத்தினேன்.

அபொலேனா கேமராவைப் பின்பக்கம் திருப்பித் தேடினாள்.
அங்கே கறுப்புத் தோல்தான் இருந்தது.
"நான் எங்கே?"
"உள்ளே."
"இருட்டா?"
"ரொம்ப."
யோசித்தாள்.
"ஹீநெக்கும் உள்ளே இருக்கானா?"
"இருக்கான்."
"அப்ப சரி."

பிறகு சமையலறைத் தரையில் தூரம் படித்தேன்.
ஓடு ஒன்று முப்பது சென்டிமீட்டர்,
பத்து ஓடு மூன்று மீட்டர்.
துளை எட்டில், தூரம் மூன்றில்.
வைத்துவிட்டு உருளைக்கிழங்கு சீவினேன்.
துரத்தவில்லை, கூப்பிடவில்லை.
வயிற்றோடு அணைத்த பெட்டிக்குள் குனிந்து பார்ப்பவனை
எதையோ தொலைத்தவன் என்று நினைப்பார்கள் போல,
யாரும் கண்டுகொள்வதில்லை.
பத்தாவது ஓட்டுக்கு அவர்களாகவே வந்தார்கள்:
தங்கையின் காலுறையை வடிகட்டியில் சலித்துக்கொண்டு அவன்,
சூடேறாத ரேடியேட்டரை விரல் நீட்டித் திட்டிக்கொண்டு அவள்.
சாப்பாட்டு மேசையின் கீழே ஏதோ ரகசியப் பேச்சுவார்த்தை.
கடைசியில்,
எனக்குத் தெரியாத யாரையோ நினைத்து
அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.
பதினொன்று.

ஞாயிறு மாலை நடைமேடையில் ஒரு படம் மீதி இருந்தது.
என் இரு கையிலும் அவர்கள் பைகள்.
ரயில் வந்துவிட்டது.

கேமரா இரண்டு வாரம் குளிர்பெட்டியின் தலையில் கிடந்தது.
நான் சீஸ் பொதி கட்டினேன்.
ஒரு நாள் மழை, ஒரு நாள் ஓவர்டைம்.

அடுத்த வெள்ளி ரயில் படியில்
எதையோ கத்திக்கொண்டே அபொலேனா குதித்தாள்.
நடைமேடையில் ஓடு எண்ண நேரமில்லை.
பத்து இருக்கும் என்று அமுக்கினேன்.

இரவு மூவருமாகக் குளியலறையில் கழுவி
குளியல் திரைக் கம்பியில் சுருளைத் தொங்கவிட்டோம்,
அடியில் கனத்துக்கு ஒரு துணிக் கவ்வி.
பதினொன்றாம் கட்டத்தில்
கறுத்த பற்கள் ஒரு முழு வரிசை.
பன்னிரண்டாவதில் அதே வரிசை,
நடுவே பளீரென்று ஒரு சன்னல்.
இரண்டுக்கும் இடையில் வெற்று ஃபிலிம்
சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

"எப்ப விழுந்தது?"
"செவ்வாய்க்கிழமை. ஆப்பிள் கடிக்கும்போது."
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
ஹீநெக் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.